மூன்று மாதிரிப் பிரதிகள்

மேசைமேல் மூன்று.
லுசாக்காவிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தவை.
ஒன்றின் மூலையில் கருவாட்டு வாசனை.
வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும்,
பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலுக்கு.
பிள்ளைகள் அறுபத்தொரு பேர்.
இருக்கிற பணத்துக்கு
இது இருபத்தாறு, அது நாற்பது, இந்தச் சோனி ஐம்பத்தெட்டு
என்கிறார் கணக்கர் சித்தாலி,
இருப்பதைவிட இல்லாததை உரக்கச் சொல்லும் மனிதர்.

முதலாவது அழகி.
வழவழத் தாள். நான்கு வண்ணம்.
நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் மின்னுகிறது சிறுநீரகம்.
உணவு வலைப் பக்கத்தில்
ஓக் மரம், ஓக்கில் கம்பளிப்புழு,
புழுவுக்கு ஒரு நீலச் சிட்டு, ஓரத்தில் பனியில் ஒரு நரி.
ஜன்னலுக்கு வெளியே
மோங்குச் சமவெளி முழுக்கத் தண்ணீர், மார்ச் மாதம்.
கொக்கு, கெளுத்தி, நாணல், மாட்டுக்கால் அட்டை
ஒன்றையொன்று தின்றபடி இருக்கின்றன,
அம்புக்குறி போட்டுக்கொள்ளாமல்.

இரண்டாவது கெட்டிக்காரன்.
எண்ணூறு கேள்விகள். பொருத்துக, சரியா தவறா, கோடிட்ட இடம்.
விடைகள் கடைசியில், தலைகீழாக.
பக்கத்து மேசை முகெலாபாய், வேதியியல்,
இதுதான் என்கிறார். தேர்ச்சி விகிதம் என்கிறார்.
தர்பூசணி வாங்குகிறவர்போல்
அட்டையை விரலால் தட்டிப் பார்க்கிறார்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
ஒளிச்சேர்க்கைக்குத் தேவையானது, பிறகு ஒரு கோடு.
ஒரே ஒரு சொல்லின் நீளம்.
வெயில் அதற்குள் நுழைய முடியாது.

மூன்றாவது சோனி.
இதயத்தின் நான்கு அறைகளுக்குப் பின்னால்
மறுபக்கத்து இலையின் நரம்புகள் தெரிகின்றன.
எவனாவது இதயத்துக்குக் காம்பு வரைந்துவிடுவான்.
கம்பிகள் இரண்டே இரண்டு, ஜூலையில் உதிரும்.
ஐம்பத்தேழாம் பக்கம் நத்தைக் காய்ச்சல்:
புழு, நீர், நத்தை, மறுபடி நீர், மனிதக் கால்.
கீழே, நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.
அதன்கீழ் ஒன்பது வரிகள். வெறுமை.

ஒன்பது வரியை வைத்து என்ன செய்வது?
எனக்கே தெரியவில்லை.
மூன்றையும் லிக்காண்டோவிடம் கொடுத்தனுப்பினேன்,
பிளாஸ்டிக் உறையில் கட்டி.
அவள் வீட்டுக்குப் படகில்தான் போக வேண்டும்.

புதன்கிழமை திரும்பி வந்தன.
அழகியைத் திறக்கவேயில்லை, அழுக்காகிவிடுமாம்.
கெட்டிக்காரனில் நூற்றுப்பன்னிரண்டு கேள்விகள்
ஒரே மாலையில், மெழுகுவர்த்தி அணையும்வரை.
எட்டு மட்டும் தவறு.
சோனியில் அந்த ஒன்பது வரிகள் நிறைந்து,
ஓரத்தில் ஏறி,
நத்தையின் ஓட்டைச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தது பென்சில்,
பாதி லோசியில்:

தம்பி முபிட்டாவுக்குப் பத்து வயதில் சிறுநீர் சிவந்தது.
பையன்கள் அவனை இனி ஆம்பிளை என்றார்கள்.
அவன் நான்கு நாள் சந்தோஷமாக இருந்தான்.
மருத்துவமனையில் உயரம் அளக்கும் கோலை நிறுத்தி
அதில் பார்த்துத்தான் மாத்திரை எண்ணுவார்கள்.
இவன் குதிகாலைத் தூக்கி நின்றான்.
நர்ஸ் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.
அரை மாத்திரை கூடுதல்.
இதில் எது விடை டீச்சர்?

இடைநிலை ஓம்புயிரி எது, ஒரு மதிப்பெண்,
அக்டோபரில் அவ்வளவுதான் கேட்பார்கள்.
நத்தை என்று அதையும் எழுதியிருக்கிறாள்,
மூலையில், சின்னதாக, தனியே.

படிவத்தில் சோனியின் பெயரை எழுதினேன். ஐம்பத்தெட்டு.
மூன்று பேர் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.
கெட்டிக்காரனில் ஒன்று, என் சம்பளத்தில்,
விடைப்பக்கத்தை முதலில் கிழித்துவிட்டு.
முகெலாபாய் இரண்டு நாளாகத் தேநீருக்கு அழைக்கவில்லை.
தேர்ச்சி விகிதத்தில் அவர் சொல்வது நடந்தாலும் நடக்கும்.

மாதிரிப் பிரதிகளைச் சுத்தமாகத் திருப்பி அனுப்புக
என்றிருக்கிறது கடிதத்தின் அடியில்.
இரண்டை அனுப்பிவிட்டேன்.
மூன்றாவதற்கு அறுபது குவாச்சா
என் பெயரில் எழுதிக்கொண்டார் சித்தாலி.
பென்சில்தானே, என்றார்,
அழித்திருக்கலாமே.